வுட்லேண்ட் சீனிக்ஸ் சாலைப் பொருள்கள்: நாடாவுக்கு முதல் மதிப்பெண்

மாதிரி ரயில் அமைப்புகளில் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் காட்டும் அக்கறையைச் சாலைக்குக் காட்டுபவர்கள் குறைவு. கறுப்பு வண்ணம் பூசிய அட்டை ஒன்று தண்டவாளத்தைக் கடந்து போனால் போதும் என்று நானும் நெடுநாள் இருந்துவிட்டேன். 1950-களின் அமெரிக்க மத்திய மேற்குக் கிளைப்பாதை ஒன்றை ஹெச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காக அமைத்துவரும் நான், அந்த அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, மிசூரி மாநில நிறுவனமான வுட்லேண்ட் சீனிக்ஸின் சாலைப் பொருள்களை வாங்கினேன். ஓரங்களில் ஒட்டும் நுரை நாடா, ‘ஸ்மூத்-இட்’ என்னும் பிளாஸ்டர் வகைப் பொடி, ‘டாப் கோட்’ என்னும் மேற்பூச்சு ஆகிய மூன்றும் தனித்தனியே கிடைக்கின்றன.

மூன்றில் நாடாவையே நான் உயர்வாக மதிப்பேன். சாலையின் இரு ஓரங்களிலும் அதை ஒட்டிவிட்டால் அகலமும் கனமும் அங்கேயே முடிவாகிவிடும். வளைவுகளிலும் நெளியாமல் படிகிறது. அமெரிக்காவில் இன்றைய ஒரு தடத்தின் வழக்கமான அகலம் 12 அடி. இந்த அளவில் அது 42 மில்லிமீட்டர். பழைய நாட்டுப்புறச் சாலைகள் இன்னும் குறுகலானவை என்பதால், இரு தடங்களுக்கும் சேர்த்து 70 மில்லிமீட்டர் மட்டுமே விட்டேன். அதன் மேல் நிற்கும் லாரி உடனே ஊர்ச்சாலைக்குரிய நெருக்கத்தைப் பெற்றுவிட்டது.

பொடியைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து ஊற்றி, இரு நாடாக்களின் மேலும் படியுமாறு பரப்பியை இழுக்க வேண்டும். முதல் முறை அவசரத்தில் கெட்டியாகக் கரைத்துவிட்டேன். பாதி தூரம் போவதற்குள் கலவை இறுகி, உழுத வயல் போலாயிற்று. அது என் பிழை. இணையக் கடை ஒன்று கிழிந்த உறையில் அனுப்பிய மற்றொரு பொட்டலத்தில் ஈரம் ஏறிப் பொடி கட்டியாகியிருந்ததையும் சொல்ல வேண்டும். வாங்கியவுடன் உறையைத் தடவிப் பார்ப்பது நல்லது.

இந்த முறையில் ஒரு குறை உண்டு: ஓரங்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பதால் சாலை மேசைப் பலகை போலத் தட்டையாகிவிடுகிறது. மெய்யான சாலையில் மழைநீர் வடிய நடுவிலிருந்து ஓரத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு வாட்டம் இருக்கும். என் சாலையின் பாதி அகலத்துக்கு அது 0.7 மில்லிமீட்டர்தான். நடுக்கோட்டில் அந்த உயரத்துக்கு மெல்லிய அட்டைப் பட்டையை ஒட்டி, முதலில் ஒரு பக்கத்தையும் அது காய்ந்த பின் மறுபக்கத்தையும் பூசினேன். கண்ணுக்குத் தெரியாத இவ்வளவு சிறிய சரிவுதான், விளக்கொளி சாய்வாக விழும்போது பரப்பைச் சாலையாகக் காட்டுகிறது.

சுவர்ப்பலகை இணைப்புகளுக்குப் பூசும் பசை இந்தப் பொடியைவிட மலிவு என்பது உண்மை. ஆனால் அது நீர் ஆவியாகிக் காய்வதால் சுருங்கும். கனமாகப் பூசினால் வெடிக்கும். பிளாஸ்டர் நீரோடு வினைபுரிந்து இறுகுவதால் அந்தத் தொல்லை இல்லை. உப்புத்தாளால் தேய்க்கும்போது தூசி மட்டும் வீடு முழுக்கப் பறக்கும்.

மேற்பூச்சின் தார் நிறம் புதிதாகப் போட்ட சாலைக்கே பொருந்தும். வெயிலிலும் தேய்மானத்திலும் தார் வெளுத்து, உள்ளிருக்கும் கல் தெரியத் தொடங்கும். எனவே கான்கிரீட் நிற மேற்பூச்சைச் சிறிது கலந்து சாம்பலாக்கினேன். சக்கரம் உருளும் தடங்களைச் சற்று வெளிறச் செய்து, எண்ணெய் சொட்டும் தடத்தின் நடுவைக் கறுப்புச் சுண்ணக்கட்டித் தூளால் கருக்கினேன். நடுக்கோட்டில் பலரும் தவறுகிறார்கள்: எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிக்கும் மஞ்சள் கோடு அமெரிக்கா முழுவதற்கும் விதியானது 1971-இன் போக்குவரத்துக் குறியீட்டுக் கையேட்டில்தான். 1950-களின் சாலைக்கு விட்டுவிட்டுப் போடும் வெள்ளைக் கோடே பொருத்தம்.

ரயில்வே கேட்டில் மட்டும் இந்தப் பொடியைத் தண்டவாளங்களுக்கிடையே ஊற்றாதீர்கள். சக்கர விளிம்பு ஓடும் பள்ளம் அடைபட்டு எஞ்சின் தடம் புரளும். மரப்பலகைத் துண்டுகளை வைத்து, அவை தண்டவாளத்தின் தலைக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு தேய்த்துவிட்டால் அங்கே பூச்சே தேவைப்படாது.