பில்லில் லிஃப்ட் கிட், வண்டியில் வெறும் ஸ்பேசர்: மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கோவைப் பக்கம் ஒரு ஆஃப்-ரோடு பட்டறையில் லிஃப்ட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் வேலை) போட்ட புது மாடல் தார் ஒன்று, 1,400 கிலோமீட்டர் ஓடிய நிலையில் எங்களிடம் சோதனைக்கு வந்தது. பில்லில் ஒரே வரிதான்: "2.5 இன்ச் லிஃப்ட் கிட், ஃபிட்டிங், அலைன்மென்ட் உட்பட, ரூ. 85,000." என்ன ஸ்பிரிங், என்ன ஷாக் (அதிர்வு தாங்கி), பாகத்தின் எண் என்ன, எதுவும் இல்லை. ஓட்டுபவரின் புகார்கள் மூன்று. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நிலையாக நிற்கவில்லை, வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, வேகத்தடையிலிருந்து இறங்கும்போது முன்பக்கம் 'டக்' என்று சத்தம் வருகிறது. திரும்பப் போய்க் கேட்டபோது பட்டறையில் கிடைத்த பதில்: "ஆஃப்-ரோடு செட்டப்னா அப்படித்தான் சார் இருக்கும், போகப் போக செட் ஆயிடும்."

செட் ஆகாது. ஏன் ஆகாது என்பதையும், இதே வேலை உங்கள் வண்டியில் நடந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஸ்பிரிங்கைப் பார்த்தோம். பளிச்சென்ற மஞ்சள் பெயின்ட். ஒரு ரூபாய் நாணயத்தால் சுரண்டினால் அடியில் கறுப்பு, கறுப்பின் மேல் கம்பெனி போடும் அடையாளக் கோடு அப்படியே இருக்கிறது. வண்டியோடு வந்த பழைய ஸ்பிரிங்குக்குத்தான் மஞ்சள் பூசியிருக்கிறார்கள். ஷாக்கும் பழையதே, அதன் மேல் ஒரு ஸ்டிக்கர். முன்பக்கம் உயரம் வந்ததெல்லாம் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தண்டு) தலையில் செருகிய 40 மி.மீ. அலுமினிய வட்டிலிருந்து, ஸ்பேசர் என்பது இதுதான். பின்பக்கம் காயில் ஸ்பிரிங்குக்கு அடியில் 50 மி.மீ. நைலான் வட்டு. லேத்தில் கடைந்த நான்கு துண்டுகளுக்குத்தான் 85,000.

40 மி.மீ. வட்டு எப்படி இரண்டரை இன்ச்சுக்கு மேல் உயரம் காட்டியது என்று கேட்கலாம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தாரின் முன்பக்கம் டபுள் விஷ்போன் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று (அப்பர்), கீழே ஒன்று (லோயர்) என இரண்டு ஆர்ம்கள் தனித்தனியாகத் தாங்கும் அமைப்பு. ஸ்ட்ரட்டின் அடிமுனை சக்கரத்தில் இல்லை, லோயர் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்ட்ரட் ஒரு பங்கு நகர்ந்தால் சக்கரம் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் பங்கு நகரும். 40 மி.மீ. வட்டு வைத்ததும் சக்கரம் 70 மி.மீ. கீழே போய்விட்டது. டேப் வைத்து அளந்தால் உயரம் உண்மைதான். ஆனால் சஸ்பென்ஷனின் மொத்த ஓட்டம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. இருந்த ஓட்டத்தை அப்படியே கீழே தள்ளி வைத்திருக்கிறார்கள். சக்கரம் கம்பெனி அனுமதித்த எல்லையைத் தாண்டித் தொங்குகிறது, மேலே அமுங்கும்போது ஷாக் சீக்கிரமே முட்டுகிறது.

தொங்கும்போது என்ன ஆகிறது என்பதை வண்டியே எழுதி வைத்திருந்தது. அப்பர் ஆர்மின் உட்புற விளிம்பில் விரல் நீளத்துக்குப் பெயின்ட் போய் வெள்ளிக் கோடாக மின்னியது. அதற்கு நேரே ஸ்பிரிங்கின் மேலிருந்து இரண்டாவது சுற்றிலும் அதே தேய்மானம். சக்கரம் முழுதாகத் தொங்கும் ஒவ்வொரு முறையும் ஆர்ம் ஸ்பிரிங்கில் போய் இடிக்கிறது. அந்த 'டக்' சத்தம் அதுதான். இப்படியே ஓட்டினால் ஆர்மில் பள்ளம் விழும், அல்லது அப்பர் பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) தன் கோண எல்லையில் முட்டி முட்டிக் கிண்ணத்தைத் தளர்த்திக்கொள்ளும். மலைப்பாதையில் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் படுத்துவிடும், ஸ்டியரிங்கில் எதுவும் செய்ய முடியாது.

அடுத்தது டிரைவ் ஷாஃப்ட், அதாவது விசையை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரம் வரை போகும் தண்டு. வெளி ஜாயின்ட் ஸ்டியரிங் திருப்பத்துக்காகவே பெரிய கோணம் தாங்கும்படி செய்தது. டிஃபரென்ஷியல் பக்கம் இருக்கும் உள் ஜாயின்ட் அப்படி இல்லை, அதன் எல்லை சுமார் 25 டிகிரிக்குள் முடிந்துவிடும். 70 மி.மீ. இறக்கினால் சாதாரண சாலையிலேயே ஷாஃப்ட் சரிந்த நிலையில் சுழலும். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்புகள் ஒரு பக்கம் நசுங்கி ஒன்றோடொன்று உரசும். இந்த வண்டியில் இடது வெளிப் பூட் மடிப்போடு மடிப்பாகக் கிழிந்து, சக்கரத்தின் உட்புறமெல்லாம் கிரீஸ் தெறித்திருந்தது. கிரீஸ் வெளியே போன வழியில் மணல் உள்ளே போகும். அதன்பின் ஜாயின்ட் அதிக நாள் தாங்காது.

டிஃபரென்ஷியலைக் கொஞ்சம் கீழிறக்கினால் இந்தக் கோணம் குறையும் என்பது சரிதான். ஆனால் அதற்கென்று அளந்து செய்த ஸ்பேசரும் நீளமான போல்ட்டும் வேண்டும். வாஷர்களை அடுக்கி மவுன்ட்டுக்கு இடையில் வைத்து "டிஃப் டிராப்" என்று பில் போடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கியர்பாக்ஸ் பக்கமிருந்து டிஃபரென்ஷியலுக்கு வரும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும் என்பதை அவர்கள் பார்ப்பதே இல்லை.

ஸ்பேசரைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் தலையில் எந்த எண்ணும் இல்லை. இதைக் கட்டாயம் பாருங்கள். சஸ்பென்ஷனில் போடும் போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று அச்சு இருக்க வேண்டும், கம்பெனி போல்ட் எந்தத் தரமோ அதற்குக் குறையக் கூடாது. எண் இல்லாதது கேட் கீல் மாட்டும் இரும்பு. இறுக்கும்போதே மரை இழுபடும், ஆடும் சுமையில் தலை வெட்டுப்படும்.

மிகப் பெரிய அநியாயம் என்று நாங்கள் நினைப்பது கண்ணுக்கே தெரியாத ஒன்று. லோயர் ஆர்மின் உட்பக்கம் இருப்பது ரப்பர் புஷ். ரப்பர் உள் குழலோடும் வெளிக் குழலோடும் ஒட்டியிருக்கும், போல்ட்டை இறுக்கியதும் உள் குழல் நகராது, ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். அதனால் வண்டியின் எடை நான்கு சக்கரத்திலும் இறங்கிய பிறகுதான் அந்தப் போல்ட்டைக் கடைசியாக டார்க் ரெஞ்சால் (குறித்த விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். இந்த வண்டியில் ராம்பில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டார்கள். விளைவு, தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கிறது. முறுக்கிய ரப்பர் வண்டியைச் சில மில்லிமீட்டர் தூக்கியும் பிடிக்கும், டெலிவரி நாளில் டேப்பில் கூடுதல் உயரம் தெரியும், வாடிக்கையாளர் மகிழ்ந்து போவார். சில மாதத்தில் ரப்பர் கிழியும், உயரம் தானாக இறங்கும், ஒரு பக்கம் அதிகமாகவும் இறங்கும். டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு புஷ்ஷிலும் ஓரத்தில் முடி அளவு விரிசல் தொடங்கியிருந்தது.

அலைன்மென்ட் ஷீட் கொடுத்திருந்தார்கள். அதில் டோ (சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பச்சை, காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கேம்பரும் (சக்கரத்தின் உள்வெளிச் சாய்வு) சிவப்பு. சிவப்பைக் காட்டிக் கேட்டதற்கு "லிஃப்ட் வண்டிக்கு மெஷின் அப்படித்தான் காட்டும்" என்றிருக்கிறார்கள். வண்டியை உயர்த்தினால் காஸ்டர் குறைவது இயல்பு, குறைந்ததைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அலைன்மென்ட். காஸ்டர் குறைந்தால் திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். இந்த ஷீட்டில் இடது 1.1 டிகிரி, வலது 1.9 டிகிரி. அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும். இடப்பக்கம் இழுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. லோயர் ஆர்மில் இருக்கும் சரிசெய்தல் போதவில்லை என்றால், காஸ்டர் திருத்தத்தோடு வரும் அப்பர் ஆர்ம் போட வேண்டும். அதுவும் முடியாது என்றால் அந்த உயரமே அந்த வண்டிக்குக் கூடாது.

நல்ல கிட் என்றால் எப்படி இருக்கும்? ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தி சேர்ந்தே வரும், ஷாக்கின் முழு நீட்டம், ஆர்மும் பால் ஜாயின்ட்டும் தாங்கும் எல்லைக்குள் நிற்கும். முன்பக்கம் சக்கரத்தில் 40 முதல் 50 மி.மீ. வரை என்பதுதான் மற்ற பாகங்களை மாற்றாமல் இருக்கத்தக்க உயரம் என்பது எங்கள் கருத்து. ஸ்பிரிங்கின் விறைப்பைக் கேட்டு வாங்குங்கள். கனமான பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) மாட்டாத வண்டிக்கு "ஹெவி லோடு" ஸ்பிரிங் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. மற்ற அளவுகள் மாறாமல் கம்பியின் தடிமன் 14 மி.மீ.யிலிருந்து 15 ஆனாலே விறைப்பு சுமார் 32 சதவீதம் கூடும், ஏனெனில் அது தடிமனின் நான்காம் படியில் ஏறும். எடை இல்லாத வண்டியில் அது உயரத்தைத் தரும், கல் பாதையில் சக்கரத்தைக் கீழே இறங்க விடாது. வெர்னியர் கொண்டுபோய்க் கம்பியையும், விரலால் எண்ணிச் சுற்றுகளையும், பழைய ஸ்பிரிங்கோடு ஒப்பிடுங்கள். பழைய ஸ்பிரிங், ஷாக் இரண்டையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழையது கைக்கு வரவில்லை என்றால் அது இன்னும் வண்டியிலேயே இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

வண்டியை எடுக்குமுன் பட்டறையிலேயே செய்ய வேண்டிய சோதனை அரை மணி நேர வேலை. வேலைக்கு முன்னும் பின்னும் ஹப்பின் (சக்கர மையம்) நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் (மட்கார்டு) விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். பிறகு சேஸியில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்ட் வைத்து, இரண்டு முன் சக்கரமும் தொங்கட்டும். அப்பர் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் விரல் நுழைய வேண்டும். கியர் நியூட்ரலில், நான்கு சக்கர இயக்கத்தை விடுவித்து, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பி ஒவ்வொரு நிலையிலும் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எங்காவது பிடித்துப் பிடித்து விட்டால் டிரைவ் ஷாஃப்ட் எல்லையில் இருக்கிறது. அதே நிலையில் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் விறைத்திருக்கக் கூடாது. நாங்கள் பார்த்த வண்டியில் ஏபிஎஸ் ஒயர் வீணைத் தந்தி மாதிரி இழுபட்டிருந்தது. மேல்நோக்கிய ஓட்டத்தைப் பார்க்க, பம்ப் ஸ்டாப்பில் (சக்கரம் மேலேறும்போது கடைசியில் முட்டும் ரப்பர்) ஒரு உருண்டை களிமண் ஒட்டி மேடு பள்ளத்தில் நன்றாக அமுங்கும்படி ஓட்டுங்கள். உள்ளே 'டங்' என்று இரும்பு இடிக்கும் சத்தம் வந்தும் களிமண் நசுங்காமல் இருந்தால், பம்ப் ஸ்டாப்புக்கு முன்பே ஷாக் முட்டுகிறது.

டார்ஷன் பார் (காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொள்ளும் கம்பி) வைத்த பழைய தார் போன்ற வண்டிகளில் ஏமாற்று இன்னும் எளிது. சரிசெய்யும் போல்ட்டைச் சில சுற்று இறுக்கினால் முன்பக்கம் எழும்பும், செலவு பத்து நிமிடம். அதற்கும் லிஃப்ட் கிட் விலை வாங்குகிறார்கள். கீழ்நோக்கிய ஓட்டம் அந்த அளவுக்குக் குறைந்துபோகும், வேறு பலன் எதுவும் இல்லை.

எதற்காக லிஃப்ட் என்பதையும் யோசியுங்கள். முன் டிஃபரென்ஷியல் சேஸியில் இருப்பதால் லிஃப்ட்டோடு அது எழும்பும். பின்பக்கம் ரிஜிட் ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), என்ன லிஃப்ட் போட்டாலும் அதன் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் உருண்டை தரையிலிருந்து எழும்பாது, அதை டயர் மட்டுமே உயர்த்தும். 255/65 ஆர்18-க்குப் பதில் 285/70 ஆர்17 போட்டால் உருண்டைக்கு 21 மி.மீ. கிடைக்கும். அதோடு மீட்டரில் 100 காட்டும்போது வண்டி 105-ல் போகும், பிரேக்கும் கூடுதல் எடையைச் சுமக்கும். தாருக்குக் கம்பெனி கொடுத்திருப்பதே 226 மி.மீ. கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி), பலருக்கு நல்ல டயரும் அடித்தட்டுக் காப்புமே போதும்.

சட்டப் பக்கமும் பட்டறைக்காரர் சொல்லமாட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. விவரம் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பது சஸ்பென்ஷனைத்தான்.

இந்த வண்டியில் நான்கு வட்டுகளையும் கழற்றி, இடது வெளி ஜாயின்ட்டைத் திறந்து கழுவிப் புதுக் கிரீஸும் பூட்டும் போட்டு, லோயர் ஆர்ம் புஷ் நான்கையும் மாற்றி, எடை தரையில் இறங்கிய பிறகு போல்ட்டுகளை இறுக்கி, காஸ்டரை இரண்டு பக்கமும் சமப்படுத்தியதும் இழுப்பும் சத்தமும் நின்றன. 500 கிலோமீட்டர் ஓடியபின் எல்லாப் போல்ட்டையும் மறுபடி டார்க் பார்த்து, அலைன்மென்ட்டையும் இன்னொரு முறை எடுக்கச் சொல்லியிருக்கிறோம். அப்பர் பால் ஜாயின்ட் இரண்டையும் கண்காணிப்பில் வைத்திருக்கிறோம், ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது சிறு ஆட்டம் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். பட்டறை பணம் திருப்பித் தரவில்லை. பில்லில் பாகத்தின் பெயரும் எண்ணும் இல்லாததால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் காட்டுவதற்குக் கையில் இருப்பது அந்த மஞ்சள் பெயின்ட்டின் புகைப்படங்களும் நான்கு வட்டுகளும்தான்.