ஏற்றமும் இறக்கமும்: தோட்டப் பாதைகளில் நீண்டகால ஓட்ட அனுபவம்

இலங்கை மலையகத்தின் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டப் பாதைகளில் பல ஆண்டுகளாக ஓடிவருகிறேன். மலையகத்தில் ஓட்டத்தைக் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை வைத்து மதிப்பிடக் கூடாது, மூச்சை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், கொழும்பிலிருந்து வரும் நண்பர்களுக்குக் கிரகரி வாவியோரச் சமதரையிலேயே மூச்சு வாங்குகிறது. ஏற்றத்தில், பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன், முடியாவிட்டால் நடப்பேன்.

உண்மையில் உடலை அதிகம் சோதிப்பது இறக்கம்தான். தொழிலாளரைக் காலையில் வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களத்தைத் தாண்டி, ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையை நோக்கிச் சரியும் கொங்கிறீற்றுப் பாதையில், ஒவ்வோர் அடிக்கும் முன்தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குவதால் அவற்றில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. அந்த வலி அன்றைக்குப் பெரிதாகத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும், அப்போது வீட்டு வாசற்படி இறங்குவதே பெரும்பாடாகிவிடும். காலை எட்டிப் போடாமல், முழங்காலைச் சற்று மடித்து, சிற்றடிகளை விரைவாக வைத்து இறங்கிப் பழகிய பின்னர் எனக்கு அந்த வலி வெகுவாகக் குறைந்தது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் பாசி படிந்த குறுக்குப் பாதைகளில் நான் ஓடுவதே இல்லை. அட்டைக்கடியைப் பொறுத்துக்கொள்ளலாம், வழுக்கி விழுந்தால் கணுக்கால் போய்விடும்.

மனத்தைப் பொறுத்தவரை, முதல் பத்து நிமிடங்கள்தான் கடினம். உடல் சூடேறும் வரை மனம் திரும்பிப் போகவே சொல்லும். அதைக் கடந்து அரைமணி நேரம் ஓடிய பின்னர் ஓர் இலகுத்தன்மை வருகிறது. நெடுங்காலமாக இதற்கு, உடல் சுரக்கும் வலிதணிப்பானான எண்டோர்பினே காரணமென்று சொல்லப்பட்டு வந்தாலும், குருதியிலுள்ள எண்டோர்பின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை என்பதால், கஞ்சாவிலுள்ள பொருள்களைப் போலச் செயற்படும், உடலே உருவாக்கும் எண்டோகன்னபினொயிட்டுகளுக்கு ஆய்வாளர்கள் இப்போது கூடுதல் முக்கியத்துவம் தருகின்றனர். ஓடுவதால் என் கவலைகள் தீர்ந்துவிடுவதில்லை. ஆனால் இரவில் மலைபோலத் தெரிந்த ஒன்றை, ஓடி முடித்தபின் நிதானமாக யோசிக்க முடிகிறது.

நாள் முழுவதும் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும் ஒருவரை மாலையில் ஓடச் சொல்ல மாட்டேன்; அவருக்கு வேண்டியது ஓய்வும் நல்ல உணவும். கடையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்தே வேலை செய்யும் நம் தலைமுறையினருக்கே இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். சப்பாத்து வாங்கும்போது மெத்தென்ற அடிப்பாகத்தைவிட, ஈரத்தில் பிடித்து நிற்கும் அடிப்பாகத்தையே பாருங்கள்.