ஓய்வுக்குப் பின் இணையவழிக் கணக்கு டியூஷன்: நீண்ட நாள் நடத்தினால் தெரியவருபவை

பள்ளியில் பணியில் இருக்கும் ஆசிரியர் தனிப்பயிற்சி எடுப்பதை 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு தடை செய்கிறது. ஓய்வு பெற்றபின் அந்தத் தடை பொருந்தாது. அதனால் ஓய்வூதியத்துக்கு மேல் கொஞ்சம் வருமானம் வேண்டும் என்று நினைக்கும் ஆசிரியர்கள் டியூஷனுக்கு வருவது இயல்பு. அதையே இணையவழியில் ஒரு கல்வியாண்டுக்கு மேல் நடத்தும்போது எது நிற்கிறது, எது படுத்துவிடுகிறது என்பதைப் பத்தாம் வகுப்பு சமச்சீர்க் கணிதத்தை வைத்து இங்கே எழுதுகிறேன். அந்தப் பாடத்துக்குத்தான் தேவை அதிகம், சிக்கலும் அதிகம்.

பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும். மீதி 16 மதிப்பெண் இரண்டு எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு. ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால், கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு இந்த 16தான் முதல் பிடிமானம். பெற்றோர் டியூஷன் தேடுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான். ஆனால் திரை வழியாகச் சொல்லிக் கொடுக்க மிகக் கடினமானவையும் இந்த இரண்டுதான். இயற்கணிதத்தை எந்தப் பலகையில் எழுதினாலும் புரியவைக்கலாம். கவராயத்தை எங்கே ஊன்றுவது, பாகைமானியின் மையம் எந்தப் புள்ளியில் உட்கார வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் பிள்ளைக்குக் கை வரும்.

எனவே முதல் செலவு மேலிருந்து தாளைப் படம் பிடிக்கும் ஏற்பாட்டுக்குத்தான் என்பது என் முடிவான கருத்து. பேனா டேப்லெட் (அதன்மேல் எழுதுவது கணினித் திரையில் தெரியும் பலகை) அதற்குப் பிறகு. பழைய ஸ்மார்ட்ஃபோன் ஒன்று, அதைத் தலைகீழாகப் பிடிக்கும் ஸ்டாண்டு ஒன்று இருந்தால் ஆரம்பிக்கலாம். ஃபோனின் பின்பக்கக் கேமரா தாளிலிருந்து 30 முதல் 35 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஏ4 தாள் முழுதும் திரைக்குள் வரும். ஸ்டாண்டை எழுதும் மேசையிலேயே மாட்டினால் ஒவ்வோர் எழுத்துக்கும் படம் ஆடும். பக்கத்தில் உள்ள அலமாரியிலோ வேறொரு மேசையிலோ மாட்ட வேண்டும். கை குறுக்கே வரும்போதெல்லாம் கேமரா கையைக் குறிவைத்துத் தாளை மங்கலாக்கும். பல ஃபோன்களில் திரையில் தாள் தெரியும் இடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். ஜூம் செயலிக்குள் சில ஃபோன்களில் இது வேலை செய்யாது. அப்போது தாளில் அடர்த்தியாக ஏதேனும் எழுதிவைத்துவிட்டு ஆரம்பித்தால் ஓரளவு நிற்கும்; வெற்றுத் தாள்தான் கேமராவை மிகவும் அலைக்கழிக்கிறது.

வெளிச்சம் தலைக்கு நேர் மேலே இருந்தால் தலையின் நிழல் தாளில் விழும். வலக்கையால் எழுதுபவருக்கு விளக்கு இடப்பக்கம் முன்னால் இருக்க வேண்டும். சோக் வைத்த பழைய டியூப்லைட் படத்தில் கோடு கோடாக ஓடும் என்பதால் எல்இடி விளக்கு நல்லது. பந்துமுனைப் பேனா திரையில் வெளிறிப்போகும், 0.7 ஜெல் பேனா அல்லது ஸ்கெட்ச் பேனா வேண்டும். வடிவியலுக்கு எச்பி பென்சில் கண்ணுக்கே தெரியாது, 2பி வாங்குங்கள். வரைபடத்தாளின் மெல்லிய பச்சைக் கட்டங்கள் காணொளியில் கரைந்துபோகின்றன, ஒரு செ.மீ. கோடுகளின்மேல் முன்கூட்டியே கறுப்புப் பேனாவால் ஒருமுறை இழுத்து வைத்துக்கொண்டால் அச்சுகளும் அளவுத்திட்டமும் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும்.

இந்த ஃபோனைக் கூட்டத்தில் இரண்டாவது ஆளாகச் சேர்க்கும்போது ஆடியோ இல்லாமல் சேர்க்க வேண்டும். மடிக்கணினியும் ஃபோனும் ஒரே அறையில் ஒலியைத் திறந்து வைத்திருந்தால் காதைக் கிழிக்கும் ஊளைச் சத்தம் வரும். புதிதாக ஆரம்பிப்பவர்களின் முதல் வகுப்பு பெரும்பாலும் இதில்தான் குழம்புகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பிள்ளை வரைவது நமக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளிடம் இருப்பது பெற்றோரின் ஃபோன் ஒன்றுதான். ஆறேழு பாடப்புத்தகங்களை மேசை ஓரத்தில் அடுக்கி, கேமரா உள்ள முனை மட்டும் வெளியே நீட்டும்படி ஃபோனைக் கிடத்தி, மேலே ஒரு புத்தகத்தைப் பாரமாக வைக்கச் சொல்லுங்கள். தாள் கீழே முக்காலியிலோ தரையிலோ இருக்கலாம். அந்த நேரத்தில் பிள்ளையால் நம் திரையைப் பார்க்க முடியாது, குரலை மட்டும் கேட்கும். செய்முறையை நாம் ஒருமுறை வரைந்து காட்டியபின் பிள்ளை தானாக வரையும்போது அதுவே போதுமானது.

இப்படிப் பார்த்தால்தான் பிழை எங்கே பிறக்கிறது என்று தெரியும். அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60 டிகிரி, உச்சியிலிருந்து வரையும் நடுக்கோடு 5.8 செ.மீ. என்று ஒரு கணக்கு இருக்கட்டும். அடிப்பக்கத்துக்குக் கீழே 60 டிகிரியில் ஒரு கோடு, பிறகு அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு, அது அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோட்டை வெட்டும் இடம் வட்ட மையம். பத்துப் பிள்ளைகளில் பலரும் அந்த 90 டிகிரியைச் சாய்கோட்டிலிருந்து அளக்காமல் அடிப்பக்கத்திலிருந்து அளந்துவிடுவார்கள். அப்படி வரும் கோடு மையக்குத்துக்கோட்டுக்கு இணையாகப் போவதால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. பிள்ளை தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். முடித்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இந்த இடம் அழிக்கப்பட்டிருக்கும். வரையும்போதே பார்த்தால் அரை நிமிடத்தில் திருத்திவிடலாம்.

பேனா டேப்லெட் பயனற்றது என்று சொல்லவில்லை. 6×4 அங்குல எழுதுபரப்புள்ள அடிப்படை மாடல் இயற்கணிதத்துக்கும் முக்கோணவியல் நிரூபணங்களுக்கும் போதும். எழுதியதை அப்படியே பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாம் என்பது பெரிய வசதி. கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து எழுதும் பழக்கம் வரச் சில வாரங்கள் ஆகும். வாங்கியவுடன் அதன் டிரைவர் மென்பொருளின் அமைப்பில் எழுதுபரப்பின் நீள அகல விகிதத்தைத் திரையின் விகிதத்தோடு பொருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வரையும் வட்டமெல்லாம் நீள்வட்டமாகும், கையெழுத்து இழுத்தது போலிருக்கும். வழுக்குகிறதே என்று மேலே வெள்ளைத்தாள் ஒட்டினால் பேனாவின் முனை சீக்கிரம் தேயும்; உதிரி முனைகள் பெட்டியிலேயே வரும், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும், இருவர் மட்டும் பேசினாலும் அதே கதிதான். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம், இருவர் என்றால் 24 மணி நேரம். குழு வகுப்பை 40 நிமிடப் பாடம், பிறகு மறுஇணைப்பில் 20 நிமிடம் தாங்களே எழுதிப் பார்த்தல் என்று பிரித்துக்கொண்டால் காசு கட்டாமலே ஓடும். உண்மையில் அந்த இடைவெளி பிள்ளைகளுக்கு நல்லதும்கூட.

மின்தடையில் மடிக்கணினி பிழைத்துக்கொள்ளும், ரவுட்டர் அணைந்துவிடும். பெரும்பாலான ஃபைபர் ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை; அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து அதற்கேற்ற சிறிய டிசி யுபிஎஸ் வாங்கினால் ஒரு வகுப்பு தாங்கும். துணைமின் நிலையப் பராமரிப்புக்கான மாதாந்திர மின்தடை நாளை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது. அது பகல் நேரம் என்பதால் மாலை வகுப்புக்குப் பெரும்பாலும் பாதகமில்லை.

இனி வருமானம். இதில்தான் கணக்கு ஆசிரியர்களே கணக்கில் தவறுகிறார்கள். ஐந்து பேர் குழு, வாரம் மூன்று வகுப்பு, மாதம் 12 மணி நேரம், ஆளுக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6,000. மணிக்கு 500 என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஐந்து பேரின் வீட்டுப்பாடத்தைத் திருத்த ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் மாதம் 6 மணி நேரம். தயாரிப்புக்கு வகுப்புக்குக் கால்மணி, ஆக 3 மணி. பெற்றோருடன் பேச்சு ஒரு மணி. மொத்தம் 22 மணி நேரம். கைக்கு வருவது மணிக்கு ஏறக்குறைய 273 ரூபாய். இந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கட்டணம் சொல்லுங்கள். திருத்துவதைக் குறைத்து வருமானத்தைக் கூட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பிள்ளை தேறுவது திருத்தத்தால்தான். ஆறு பேருக்கு மேல் சேர்த்தால் யார் எழுதுகிறார்கள், யார் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரியாமல் போகும்.

கட்டணத்தை மாதத் தொடக்கத்தில் வாங்குவது, வகுப்பு தொடங்க நான்கு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது ரத்து செய்தால் அந்த வகுப்பு கணக்கில் கழியும் என்பது, மாதம் ஒரு ஈடுவகுப்பு மட்டும் என்பது ஆகிய மூன்றையும் சேரும் நாளன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பிறகு சொன்னால் மனத்தாங்கல்தான். ஜூனில் மெல்ல ஆரம்பித்து, அரையாண்டு மதிப்பெண் வந்ததும் திடீரென நிரம்பி, பொதுத்தேர்வோடு வருமானம் நின்றுவிடும். மாதாந்திரத் தவணை எதையும் இந்தப் பணத்தை நம்பிக் கட்டக் கூடாது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழோ சிபிஎஸ்இ கணக்கோ எடுப்பவர்களுக்கு நேரக் கணக்குதான் தொல்லை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், துபாய் ஒன்றரை மணி பின்னால், இவை மாறாது. நியூயார்க் குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி பின்னால். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறது, இங்கிலாந்து மார்ச் கடைசி ஞாயிறு. இடையில் உள்ள வாரங்களில் இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே குழுவில் இருந்தால் ஒருவர் கட்டாயம் தவறவிடுவார். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடையில் மறுபடியும் இதே கதை.

ஆள் பிடித்துத் தரும் தளங்களில் தரகைப் பார்த்துச் சேருங்கள். பிரெப்லி போன்ற தளம் முதல் சோதனை வகுப்பின் கட்டணம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. பிறகு 33 சதவீதத்தில் தொடங்கி, மணி நேரம் கூடக்கூட 18 சதவீதம் வரை குறைகிறது. வாரம் ஐந்தாறு மணி நேரம் மட்டும் எடுக்க நினைப்பவர் அந்தக் குறைந்த விகிதத்தை எட்ட நீண்ட காலம் ஆகும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பழைய மாணவர்களின் வாய்வழிப் பரிந்துரையே போதும்.

இணையத்தில் எண்ணைப் போட்டதும் வரும் மோசடி ஒன்று உண்டு. ராணுவ அதிகாரி என்று சொல்லி, பல பிள்ளைகளுக்கு மொத்தமாக முன்பணம் தருவதாகக் கூறி, க்யூஆர் குறியை அனுப்பி ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணை (PIN) அழுத்தச் சொல்வார்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு இந்த ரகசிய எண் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். வேலை தருகிறோம், பதிவுக்கட்டணம் கட்டுங்கள் என்பதும் இதே வகைதான்.

வரியில் ஓய்வூதியர்கள் கவனிக்காத ஒன்று: டியூஷன் வருமானம் தொழில் வருமானமாகக் காட்டப்படும்போது வருமான வரித் தாக்கலுக்கான ஐடிஆர்-1 படிவம் பொருந்தாது, 3 அல்லது 4 தேவைப்படும். 60 வயது கடந்தவருக்கு முன்கூட்டி வரி கட்டுவதிலிருந்து உள்ள விலக்கு, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு மட்டுமே. கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயை எட்டினால் முன்கூட்டியே கட்ட வேண்டும், தவறினால் வட்டி. ஜிஎஸ்டி பதிவு ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால்தான் என்பதால் இந்த அளவில் அந்தக் கவலை இல்லை.

வகுப்பு இணைப்பை எப்போதும் பெற்றோர் எண்ணுக்கே அனுப்புங்கள். பிள்ளையுடன் தனியாக வாட்ஸ்அப் உரையாடல் வேண்டாம். பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும். பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

குரல் அறுபதுக்கு மேல் சீக்கிரம் கம்மும். காதில் ஹெட்செட் இருந்தால் நாம் கத்துவது குறையும். தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு மேல் வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் உடம்புக்கு முடியாமல் போனால் பிள்ளைகள் நடுவழியில் நிற்பார்கள். எட்டுப் பாடங்களில் எது முடிந்தது, எந்தப் பயிற்சியில் எந்தப் பிள்ளை தடுமாறுகிறது என்று வாரம் ஒரு முறை பெற்றோர் குழுவில் எழுதிவைத்தால், வேறோர் ஆசிரியர் அதே இடத்திலிருந்து தொடரலாம்.