எல்.கே.ஜி.யிலிருந்து எட்டாவது வரை ஒரே பள்ளி: ஒரு பெற்றோரின் அனுபவம்

மகளை 2016-ல் எல்.கே.ஜி. சேர்த்தோம். இப்போது எட்டாவது படிக்கிறாள். ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு மெட்ரிக் பள்ளி. பெண் இன்னும் அங்கேதான் படிக்கிறாள் என்பதால் பெயர் வேண்டாம். அட்மிஷன் நேரம் வந்தால் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று பலரும் “உங்க பாப்பா படிக்கிற ஸ்கூல் எப்படிங்க, சேர்க்கலாமா?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் பாதி பாதியாகச் சொல்வதற்குப் பதில் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

இந்தப் பள்ளியில் ஆண்டு விழாவன்று ஆண்டறிக்கையைப் புத்தகமாக அச்சடித்துக் கொடுப்பார்கள். முதல்வர் மேடையில் அதை ஆங்கிலத்தில் வாசிப்பார். கீழே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் தறி ஓட்டுபவர்கள், மஞ்சள் மண்டிக்காரர்கள். தங்கள் பிள்ளையின் டான்ஸ் எப்போது வரும் என்பதுதான் அவர்கள் கவலை. நான் அந்தப் புத்தகங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். வரிசையாக எடுத்துப் பார்த்தால் பள்ளி எதை வளர்ச்சி என்று நினைக்கிறது என்பது புரிந்துவிடும். மாணவர் ஸ்ட்ரெங்த், வேன்களின் எண்ணிக்கை, புதிய பிளாக், ஸ்மார்ட் கிளாஸ், சென்டம். 2017-ல் கல்வித்துறை மாநில ரேங்க் வெளியிடுவதை நிறுத்தியதும் அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் மெலிந்தது. ஆனால் பேருந்து நிலையத்து ஃப்ளெக்ஸ் மெலியவில்லை.

எந்த வருஷத்து அறிக்கையிலும் இல்லாத ஒரு விஷயம், போன வருஷம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள் என்பது. என்னைக் கேட்டால் ஒரு தனியார் பள்ளியை எடைபோட அந்த ஒரு எண் போதும்.

மகள் ஏழாவது படித்தபோது ஒரே வருஷத்தில் கணக்குக்கு மூன்று மிஸ் மாறினார்கள். முதலில் இருந்தவர் பக்கத்துப் பள்ளியில் கூடுதலாக இரண்டாயிரம் தருகிறார்கள் என்று போனார். அடுத்தவர் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார். மூன்றாவதாக வந்தவர் பி.எட். முடித்த கையோடு சேர்ந்தவர். நல்ல பெண்தான், ஆனால் இயற்கணிதம் எதுவரை நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. இதே பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் மிஸ் பள்ளி ஆரம்பித்த காலத்திலிருந்து இருப்பவர். அவரிடம் படித்த பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லும். வகுத்தலை விரலால் அல்ல, புளியங்கொட்டையை வைத்துச் சொல்லிக்கொடுப்பார். என் மகளுக்குக் கணக்கு பயமில்லாமல் இருப்பதற்கு அந்த ஒரு வருஷம்தான் காரணம். ஸ்மார்ட் போர்டு அவர் வகுப்பிலும் இருக்கிறது, பெரும்பாலும் அணைந்தே இருக்கும்.

புத்தகம் பற்றி ஒரு வார்த்தை. ‘மெட்ரிக் சிலபஸ் ஸ்டாண்டர்டா இருக்கும்’ என்று இன்னும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு சமச்சீர் கல்வி நடைமுறைக்கு வந்த பிறகு பத்தாவது வரை அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் ஒரே பாடப்புத்தகம். 2018-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம் வந்தது. அந்த வருஷம் மகள் ஒன்றாவது. நன்றாகவே இருந்தது. ஆக, பீஸ் கட்டுவது புத்தகத்துக்கு இல்லை. ஆங்கிலப் பேச்சுக்கும் வேனுக்கும் ‘பையன் அங்கே படிக்கிறான்’ என்று சொல்லிக்கொள்வதற்கும்தான். அதில் தப்பில்லை, ஆனால் எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டலாம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பெண் பிள்ளையாக இருந்தால் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். இதைக் கணக்குப் போட்டு ஐந்தாவதோடு டிசி வாங்கிக்கொண்டு போன குடும்பங்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. அவர்கள் யாரும் வருத்தப்படுவதாகத் தெரியவில்லை.

பீஸ் விஷயத்துக்கு வருவோம். 2009-ல் வந்த சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது. ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் எவ்வளவு வாங்கலாம் என்று மூன்று வருஷத்துக்கு அது நிர்ணயிக்கிறது. எங்கள் பள்ளி அந்தத் தொகைக்கு மட்டும் ஒழுங்காக ரசீது கொடுக்கும். அதற்கு மேல் புக், நோட்டு, யூனிஃபார்ம், ‘ஆக்டிவிட்டி’ என்று வருவதெல்லாம் தனித் தாளில். ஆக்டிவிட்டி என்றால் என்ன என்று கேட்டதற்கு யோகா, அபாகஸ் என்றார்கள். யோகா வகுப்பு நடக்கும் பீரியட் பி.டி. பீரியடிலிருந்து பிடுங்கியது. இலவசமாக ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடி உட்கார வைத்திருக்கிறார்கள்.

பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. கொரோனா வருஷத்தில், 75 சதவீத பீஸைத் தவணையாக வாங்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எங்கள் பள்ளி அதற்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை. தறி நின்று கிடந்த வீடுகளுக்குத் தவணையை இன்னும் தள்ளிக் கொடுத்தார்கள். தாளாளருக்கு அந்த விஷயத்தில் எத்தனை நன்றி சொன்னாலும் தகும். அதே வருஷம் ஆசிரியர்களுக்குப் பாதிச் சம்பளம் என்பதும் உண்மை. பள்ளி திறந்தபோது பழைய முகங்களில் பல காணவில்லை. அந்த வருஷ அறிக்கையில் ஆன்லைன் வகுப்பு எத்தனை மணி நேரம் நடந்தது என்ற கணக்கு மட்டும் இருந்தது.

வேன் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2012-ல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாகக் குழந்தை விழுந்து இறந்ததற்குப் பிறகு அரசு கொண்டுவந்த விதிகள் கடுமையானவை. வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. ஆய்வு உண்டு. ஆயாம்மா இல்லாமல் வண்டி நகராது. கழிப்பறை கேட்காதீர்கள், புது பிளாக்கில் சுத்தம், பழைய பிளாக்கில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே சமாளிக்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய, அரசே பீஸ் கட்டும் 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைகளும் படிக்கிறார்கள். வகுப்பில் வித்தியாசம் காட்டுவதில்லை, இதை என் மகளின் தோழிகளை வைத்தே சொல்கிறேன். ஆனால் ‘அரசு பணம் தரவில்லை’ என்ற புலம்பலை அந்தப் பெற்றோரிடம்தான் புலம்புகிறார்கள். மத்திய அரசின் நிதிச் சிக்கலால் 2025-26 சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது வேறு விஷயம். அதில் பள்ளி மேல் குறை இல்லை, பெற்றோர் மேலும் இல்லை.

இனி எதிர்காலத் திட்டம். கடைசி அறிக்கையில் மூன்று இருக்கின்றன: பைபாஸ் பக்கம் வாங்கிய நிலத்தில் சி.பி.எஸ்.இ. பள்ளி, ஆறாவதிலிருந்து நீட் ஃபவுண்டேஷன், நீச்சல் குளம்.

நீச்சல் குளத்தை விட்டுவிடுவோம். எங்கள் ஊரில் சித்திரையில் குடிதண்ணீரே லாரியில்தான் வருகிறது.

நீட் ஃபவுண்டேஷன் என்பது பதினொன்று, பன்னிரண்டில் வரப்போகும் ‘இன்டகிரேட்டட்’ வகுப்புக்கு, அதாவது பள்ளிப் பாடத்தோடு நீட் கோச்சிங்கையும் சேர்த்து நடத்தும் வகுப்புக்கு, ஆள் பிடிக்கும் வேலை. இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன்பு பல தனியார் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது, சந்தோஷம். ஆனால் நீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பாடமும் சரிபாதி வரும். பழைய பழக்கம் திரும்பினால் அடி வாங்குவது பிள்ளைதான். பிளஸ் ஒன் சேர்க்கப் போகிறவர்கள் ரிசல்ட் ஃப்ளெக்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு, போன வருஷம் அங்கே பதினொன்றாவது படித்த ஒரு பையனின் நோட்டை வாங்கிப் பாருங்கள்.

சி.பி.எஸ்.இ. பள்ளியில்தான் எனக்கு உண்மையான சந்தேகம். அதற்குத் தனி அங்கீகாரம், தனி ஆசிரியர்கள் வேண்டும். இருக்கிற மூத்த ஆசிரியர்களை அங்கே மாற்றிவிட்டு மெட்ரிக்குக்குப் புதியவர்களைப் போட்டு ஒப்பேற்றுவார்கள் என்று ஸ்டாஃப் ரூமிலேயே பேச்சு. மூன்றாம் வகுப்பு மிஸ்ஸின் பெயரும் அதில் அடிபடுகிறது. “தமிழ் கிடையாதாமே” என்று சிலர் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் வேண்டாம்: 2006 தமிழ் கற்றல் சட்டம் அங்கேயும் செல்லும், பத்தாவது வரை தமிழ் உண்டு. சொல்லப்போனால் ஒரு நல்லதும் இருக்கிறது. எத்தனை ஆசிரியர்கள், என்ன பீஸ், கடைசி மூன்று வருஷ ரிசல்ட் என்ன என்பதை சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தங்கள் இணையதளத்தில் கட்டாயம் போட வேண்டும். எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்று அதிலும் இருக்காது. ஆனால் இரண்டு வருஷப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்றாவது தெரியும்.

சேர்க்கலாமா என்று கேட்டால்: ஐந்தாவது வரை தாராளமாக. பிரைமரி மிஸ்கள் பலர் நிலையாக இருக்கிறார்கள், அந்த வயதில் கிடைக்கும் அடிப்படை நன்றாக இருக்கிறது. ஆறாவதுக்கு மேல் புதிதாகச் சேர்ப்பதாக இருந்தால் கணக்குக்கும் அறிவியலுக்கும் யார், எத்தனை வருஷமாக என்று ஆபீஸில் கேட்டுவிட்டுச் சேருங்கள். மழுப்பினால் அடுத்த பள்ளியைப் பாருங்கள். பிளஸ் ஒன்னுக்கு இப்போதைக்கு என்னால் சிபாரிசு செய்ய முடியாது. எங்கள் திட்டமும் பத்தாவது வரை இங்கே, அப்புறம் அரசு மேல்நிலைப் பள்ளி என்பதுதான். மகளுக்கு இதில் உடன்பாடில்லை, அவள் கூட்டாளிகள் எல்லாம் இங்கேயே இருப்பார்களாம்.

போன பெற்றோர் கூட்டத்தில், ஆசிரியர் பெயரும் அவர்கள் சேர்ந்த வருஷமும் அடுத்த ஆண்டறிக்கையில் போடுங்கள் என்று கேட்டேன். தாளாளர், “நல்ல யோசனைங்க, பார்க்கலாம்” என்றார். பக்கத்தில் இருந்த முதல்வர் குறித்துக்கொள்ளவில்லை. பிப்ரவரியில் ஆண்டு விழா, புத்தகம் கைக்கு வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.