சுங்கை சிப்புட்டில் நாய்க்கு இடுப்பு ஆப்பரேஷன்

தீபாவளிக்காகப் பெர்த்திலிருந்து மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலுள்ள அத்தை வீட்டுக்குப் போனால், கருப்பன் மூன்று காலில் தத்தித் தத்தி வருகிறான். பத்து மாதக் குட்டி. தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிள் இடித்திருக்கிறது. அத்தை அன்றைக்கே ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அங்கே எக்ஸ்ரேகூட எடுக்காமல் ஊசியைப் போட்டு, "சுளுக்குதான்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது இதில்தான். உண்மையில் இடுப்பு மூட்டு விலகியிருந்தது. அதை முதல் சில நாளுக்குள் மயக்கம் கொடுத்துத் திரும்பக் குழிக்குள் தள்ளப் பார்க்கலாம். நாள் போனால் தசை இறுகிவிடும், அப்புறம் கத்திதான்.

எக்ஸ்ரேவுக்கு ஈப்போ போனோம். 30 கிலோமீட்டர் வாக்கில்தான், தூரம் ஒன்றுமில்லை. வண்டி கிடைப்பதுதான் பாடு. நாய் என்றதும் வாடகைக் கார்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுத் தம்பி தன் பிக்கப்பை எடுத்தான்.

ஈப்போ டாக்டர் சீனப் பெண்மணி, நிதானமானவர். படத்தில் தொடை எலும்பின் உருண்டை குழியை விட்டு மேலே ஏறி நின்றது. அந்த உருண்டையையே அறுத்து எடுத்துவிடலாம் என்றார். அத்தை வெலவெலத்துப் போனார். "அப்புறம் போலே ஜாலானா?" என்று மலாயிலும் தமிழிலுமாகக் கேட்டார். நடக்கும் ஆன்ட்டி, தசை தாங்கிக்கொள்ளும், அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து புது மூட்டு மாதிரி வேலை செய்யும் என்று டாக்டர் கையை மடக்கிக் காட்டினார். 14 கிலோ நாய்க்கு இது நன்றாகவே ஒத்துவருமாம். கனத்த நாய்களுக்குத்தான் யோசிக்க வேண்டும். செயற்கை மூட்டும் உண்டு, ஆனால் அதன் செலவே வேறு. இதற்கே இரண்டாயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டியது. பில்லில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது.

ஆப்பரேஷன் ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலையே. எலும்பு முறிவு என்றால் கட்டுப் போட்டுப் படுக்க வைப்பார்கள், இதில் கட்டே கிடையாது. காலைச் சும்மா விட்டால் மூட்டு இறுகிப்போகும். அதனால் காலையும் மாலையும் ஐந்தடியில் (வீட்டு முன் நடைபாதையில்) நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொடையைப் பிடித்து சைக்கிள் மிதிக்கிற மாதிரி மெல்ல ஆட்ட வேண்டும். அத்தை தேவாரம் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டுவார். கருப்பன் ஒரு கட்டத்தில் உதட்டை நக்குவான். வலிக்கிறது என்று அர்த்தம், அத்தோடு நிறுத்திவிடுவார். நடையும் அப்படித்தான். கயிற்றைப் பிடித்து ஆமை வேகத்தில் கூட்டிப் போனால் காலை ஊன்றுவான், கொஞ்சம் வேகம் கூடினாலும் தூக்கிக்கொள்வான். டைல்ஸ் தரையில் வழுக்காமலிருக்க வீடு முழுக்கப் பழைய ரப்பர் பாய். வலி மருந்து டாக்டர் கொடுத்தது மட்டும். நம் வீட்டுப் பனடோல் அளவு கூடினால் நாயின் கல்லீரலைக் கெடுத்துவிடும்.

பெர்த்தில் இதற்கென்றே நாயை நடக்கவைக்கும் தண்ணீர்த் தொட்டியும் பிசியோவும் கிடைக்கும். இங்கே அத்தைதான் பிசியோ. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் ஆப்பரேஷன் பில்லோடு நின்றுவிடாமல், யார் தினமும் நாயின் காலை ஆட்டிவிடுவார்கள் என்பதையும் பேசிவிட்டு அனுப்புங்கள்.

தையல் பிரித்தபோது விரல் நுனி தரையைத் தொட ஆரம்பித்திருந்தது. தொடை இன்னும் சூம்பித்தான் இருக்கிறது, தேற மாதக்கணக்கில் ஆகும். அடுத்த செக்கப்புக்கும் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான், இந்த முறை முன் சீட்டில் நாயை ஏற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு.