உப்புக் காற்றில் பிழைத்த பேஸ்கள்

பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்களிடம் எல்லோரும் சொல்லும் பெயர்கள் இரண்டு மூன்றுதான். காசு இருந்தால் ஃபெண்டர், இன்னும் இருந்தால் மியூசிக் மேன், இல்லாவிட்டால் ஐபனேஸ். மூன்றும் நல்ல கருவிகள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இப்படிப் பரிந்துரைப்பவர்களில் பெரும்பாலோர் ஏசி அறையில் வாசிப்பவர்கள். நான் வாசிப்பது பாம்பனிலிருந்து தொண்டி வரை, அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் போட்ட மேடைகளில். சந்தியாகப்பர் திருவிழா, முளைப்பாரி விழா, கல்யாண வரவேற்பு என்று மெல்லிசைக் குழுவுக்கு எங்கே அழைப்பு வருகிறதோ அங்கே போவோம். இங்கே ஒரு கருவியைக் காது சோதிப்பதற்கு முன்பே காற்று சோதித்துவிடும்.

இது வெறும் புலம்பல் இல்லை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகம் எப்படி அரித்துப் போகிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் தனியாக ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் தகடுகளைத் தொங்கவிட்டுக் காத்திருக்கும் காற்றில்தான் நாங்கள் கிட்டாரைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறோம்.

முதலில் போவது கம்பி என்று நினைப்பார்கள். கம்பி போனால் மாற்றிவிடலாம். உண்மையில் உயிரை வாங்குவது, கம்பிகள் உடலில் வந்து முடியும் பிரிட்ஜில் இருக்கும் தலையில்லாத குட்டித் திருகாணி. ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு இருக்கும். ஆலன் கீ விட்டுத் திருகினால் கம்பி ஏறும், இறங்கும். கடற்கரையில் ஒரு மழைக்காலம் கழிந்ததும் அந்தத் துளைக்குள் செம்மண் நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த முறை ஆலன் கீ உள்ளே வழுக்கிச் சுற்றும். அறுகோணத் துளை வட்டமாகிவிடும். நான் முதலில் வாங்கிய பேஸ் இப்படித்தான் செத்தது. விலை குறைவில்லாத, பெயர் பெற்ற கருவிதான். பெயர் இங்கே வேண்டாம். ஒலி குறையவே இல்லை, ஆனால் கம்பியின் உயரத்தை மாற்றவே முடியாமல் போனது. மேலே நிக்கல் பூசியிருந்தார்கள், உள்ளே சாதாரண எஃகு. பூச்சில் ஊசிமுனை அளவுக்குத் துளை இருந்தாலும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

அதற்குப் பிறகுதான் பெயர் அதிகம் பேசப்படாத கருவிகளின் பக்கம் திரும்பினேன்.

யமஹா என்றால் நம் ஊரில் பைக். இசைக்காரர்களைக் கேட்டால் கீபோர்டு என்பார்கள். அந்தப் பெயரில் 1977 முதல் பிபி என்றொரு பேஸ் வரிசை வந்துகொண்டிருப்பதைக் கச்சேரிக்காரர்களுக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி பிபி 1200 வாசித்திருக்கிறார். ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் குழுக்களின் பீட்டர் ஹுக் கையிலும் பிபிதான். இத்தனைக்குப் பிறகும் இரண்டாம் கைச் சந்தையில் இதற்கு மதிப்புக் குறைவு. விற்கிறவனுக்கு அது நஷ்டம்; எனக்கு லாபமாக முடிந்தது.

என்னிடம் இருப்பது 2017-இல் புதிதாக வடிவமைத்து வெளியிட்ட வரிசையின் பிபி 434. கழுத்தை உடலோடு பிடித்து நிறுத்துபவை ஆறு திருகாணிகள். வழக்கமான பேஸ்களில் நான்குதான் இருக்கும். வாடைக்காற்றில் ஈரம் ஏறிக் கழுத்து வளைவதும், கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் காய்ந்து பின்னால் போவதும் இங்கே எல்லா மரத்துக்கும் உண்டு. மற்றக் கருவிகளில் இரண்டு பருவத்திலும் கழுத்துக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடு என்ற கம்பியைத் திருப்பியே ஆக வேண்டும். இதில் பல வருடங்களாகக் கால் சுற்றுக்கு மேல் தேவைப்பட்டதில்லை. இன்னொன்று, இது பேட்டரி இல்லாத கருவி. ஒன்பது வோல்ட் பேட்டரியின் முனையில் பச்சை பூத்து, பாட்டின் நடுவில் ஒலி கரகரக்கும் தொல்லை இதில் கிடையாது.

ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் வாசிப்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். மேடையைச் சுற்றி சீரியல் விளக்குத் தோரணம், எர்த் என்ற பெயரில் மணலில் நட்ட ஒரு கம்பி. கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் பிக்கப் ஒற்றைச் சுருளாக இருக்கும் பேஸ் அங்கே பாடகரை விடச் சத்தமாக ரீங்காரமிடும். 1957-இல் ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸில் கொண்டுவந்த, இரண்டாகப் பிளந்த பிக்கப் அந்த இரைச்சலைத் தானே அடித்துவிடும். பிபி 434-இல் கழுத்துப் பக்கம் அந்த வகை, பிரிட்ஜ் பக்கம் ஒற்றைச் சுருள், இரண்டுக்கும் தனித்தனி வால்யூம். ஜெனரேட்டர் இரவுகளில் பிரிட்ஜ் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு நிம்மதியாக வாசிக்கிறேன். எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பேஸ் தனக்கென்று ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே போகும். சசிதரன் வாசித்த அந்த வரிகளை வாசிக்க வெறும் அதிர்வு போதாது. ஒவ்வொரு சுரமும் தனியாக நிற்க வேண்டும். பிபி அதைத் தருகிறது.

இரண்டாவது ஜி அண்ட் எல். இதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறினால் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள், "ஃபெண்டர் கிடைக்கவில்லையா அண்ணே?" என்று கேட்பார்கள். அதைச் செய்ததே ஃபெண்டர்தான். லியோ ஃபெண்டர் 1965-இல் தன் நிறுவனத்தை சிபிஎஸ்ஸுக்கு விற்றார். பிறகு மியூசிக் மேனில் வேலை பார்த்தார். கடைசியாக ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு சேர்ந்து தொடங்கியது ஜி அண்ட் எல். 1991-இல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த மனிதர் முப்பது வருடம் கழித்து, "இதை இன்னும் நன்றாகச் செய்யலாம்" என்று உட்கார்ந்தால் என்ன வருமோ அதுதான் எல்-2000. பெயர்ப் பலகையில் அவர் பெயர் இல்லை என்பதற்காக விலை இறங்குகிறது என்றால் வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

என்னுடையது அமெரிக்காவில் செய்ததல்ல. இந்தோனேசியாவில் செய்த ட்ரிப்யூட் வரிசை, சென்னையில் ஒரு ஸ்டுடியோ வாசிப்பாளரிடம் கைமாறியது. பெரிய பிக்கப் இரண்டு, இரண்டுமே இரைச்சல் இல்லாத இரட்டைச் சுருள். அடியில் செராமிக் காந்தம், மேலே ஒவ்வொரு கம்பிக்கும் உயரம் மாற்றக்கூடிய இரும்பு முனைகள். மூன்று குட்டி ஸ்விட்சுகள்: எந்தப் பிக்கப் என்பதற்கு ஒன்று, சுருள்களைத் தொடராக இணைப்பதா இணையாக இணைப்பதா என்பதற்கு ஒன்று, மூன்றாவது பேட்டரிக்கு. அந்த மூன்றாவதுதான் என் மனதைக் கவர்ந்தது. பேட்டரி தீர்ந்தால் ஸ்விட்சைத் தள்ளிவிட்டுப் பேட்டரி இல்லாமலே வாசிக்கலாம். தங்கச்சிமடத்தில் ஒரு திருவிழா இரவில் அப்படித் தள்ளியபோது, பக்கத்தில் நின்ற டிரம்ஸ்காரருக்குக்கூடத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பிக்கப்புகள் அனுப்பும் சிக்னல் பலமானது. நம் சவுண்ட் செட்காரர்கள் முந்தைய குழுவின் பேஸுக்கு வைத்த கெயினை அப்படியே விட்டுவிடுவார்கள். முதல் அடியிலேயே ஸ்பீக்கர் கிழிவது போல் கத்தும். மேடையேறுவதற்கு முன்பே போய், "அண்ணே, பேஸ் கெயினைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுவது என் வழக்கம். எங்கள் பக்கத்துச் சவுண்ட் செட்காரர்கள் இப்போது என்னைப் பார்த்தாலே குமிழை இறக்கிவிடுகிறார்கள்.

கோர்ட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கொரிய நிறுவனம், இந்தோனேசியாவின் சுரபாயாவில் தொழிற்சாலை, பல பெரிய பெயர்களுக்குக் கிட்டார் செய்து கொடுப்பதே அதன் முக்கியத் தொழில். தன் பெயரில் அது விற்கும் பேஸ், அதே கைகள் செய்தது. கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒருவர் கோயில் விழாக்களுக்கு வேறு எதையும் தொட மாட்டார். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதைத்தான்.

பீவி என்ற அமெரிக்க நிறுவனத்தின் டி-40 பேஸ் ஒன்றை மதுரையில் ஒரு மூத்த வாசிப்பாளர் வீட்டில் வாசித்துப் பார்த்தேன். 1978-இல் வந்த கருவி; கணினியால் இயங்கும் இயந்திரத்தில் கழுத்தைக் கடைந்த முன்னோடிகளில் ஒன்று. டோன் குமிழை முழுக்கத் திருப்பினால் பிக்கப் இரட்டைச் சுருளிலிருந்து ஒற்றைக்கு மாறும். இவ்வளவு புத்திசாலித்தனமான கருவி இவ்வளவு காலம் ஏன் மட்டமாகப் பேசப்பட்டது என்பதற்கு ஒரே காரணம்தான் தெரிகிறது: எடை. நான்கரை கிலோவுக்குக் குறைந்து ஒரு டி-40-ஐப் பார்ப்பது அரிது. "இதை வாசிக்க வேண்டாம் தம்பி, நங்கூரமாகப் போடலாம்" என்று அவரே சிரித்தார்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கடற்கரைக்கென்றே பிறந்தது நெட் ஸ்டைன்பெர்கரின் தலையில்லாத பேஸாகத்தான் இருக்க வேண்டும். கார்பன் இழையும் எபாக்சியும் சேர்ந்த உடல். ஈரம் ஏறாது, வளையாது. ஆனால் அசல் கருவிக்கு இரண்டு முனையிலும் குண்டு வைத்த கம்பி வேண்டும். ராமநாதபுரத்தில் சாதாரணப் பேஸ் கம்பிக்கே மதுரைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறோம். அதனால் ஆசையோடு நின்றுவிட்டேன்.

கம்பி என்றதும் நினைவுக்கு வருகிறது. மேலே உருண்டை இழை சுற்றிய வட்டச் சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் வியர்வையும் உப்பும் போய்த் தங்கிவிடும். சில கச்சேரிகளிலேயே ஒலி மந்தமாகிவிடும். நான் தட்டையான இழை சுற்றிய, தட்டைச் சுற்றுக் கம்பிக்கு மாறிவிட்டேன். ஜேம்ஸ் ஜேமர்சன் அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களை வாசித்தது அந்த வகையில்தான். கம்பி மாற்றுவதையே அவர் விரும்பியதில்லை. நம் மெல்லிசைக்கும் அந்த உருண்ட ஒலி பொருந்துகிறது. கச்சேரி முடிந்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைப்பேன். மாதம் ஒரு முறை பிரிட்ஜ் திருகாணிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, குச்சி நுனியில் தொட்டு. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம்.

ஐந்து கம்பி வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பாடகர் சுருதியை இறக்கச் சொல்லும்போது கை கொடுக்கும் என்பது சரிதான். ஆனால் நாலாவது கம்பியான ஈ-யின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவதான பி சுமார் 31. ஊர்த் திருவிழாக்களுக்கு வரும் பெட்டி ஸ்பீக்கர்கள் பல, முதல் எண்ணுக்கே மூச்சு வாங்குகின்றன. உங்கள் சவுண்ட் செட்காரரிடம் நல்ல சப் வூஃபர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு நாலு கம்பிப் பிபி-யும் ஒரு நல்ல பெட்டியும் வாங்கலாம்.