"வேலை செய்யுதுக்கா" என்று சொல்லியே விற்றார்கள்: எடை குறைக்கும் மூலிகைக் கேப்சூல் பற்றி ஓர் எச்சரிக்கை

பாளையங்கோட்டைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி எட்டாகிவிடும். வயது 42. இந்த வைகாசி தொடக்கத்தில் என் எடை 78 கிலோ. என்னை மாதிரி உட்கார்ந்தே பிழைக்கிற பெண்களைத்தான் இவர்கள் தேடி வருகிறார்கள் என்பதால் இதையெல்லாம் சொல்கிறேன்.

வந்தவர் அந்நியர் இல்லை. இரண்டு வருடமாக என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர். ஒருநாள் அளவு கொடுத்து முடித்ததும் என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தபடி, "எக்கா, ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிய, ஒங்க அளவை என்னைக்காவது எடுத்துப் பாத்தியளா?" என்று கேட்டார். அவரே எடுத்தார். இடுப்பு 40 இஞ்ச். அந்த எண் ராத்திரி முழுக்க மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் வண்ணார்பேட்டையில் ஒரு மாடிக்குக் கூட்டிப் போனார். 'ஹெல்த் கிளப்' என்று பலகை. இருபது பெண்கள் இருந்தோம். முன்னால் நின்று பேசியவர் டாக்டர் இல்லை. ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். காலையில் ஒரு பவுடர், காலையும் மதியமும் ஒவ்வொரு கேப்சூல். மாதத்துக்கு 3,600 ரூபாய். டப்பாவில் ஒரு மலையும் மலைமேல் ஒரு முனிவரும். நம்ம ஊர்க்காரிக்கு அதைப் பார்த்ததும் பொதிகை மலைதான் ஞாபகம் வரும். "நூறு சதவீதம் மூலிகை, பக்க விளைவே கிடையாது" என்றார்கள். மூலிகைதானே என்று நானும் வாங்கிவிட்டேன்.

எடை குறையவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குறைந்தது. இரண்டாவது நாளே பசி போய்விட்டது. மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கக்கூடத் தோன்றாது. வாய் மட்டும் வறண்டுகொண்டே இருந்தது. தூக்கம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கொக்கி வைத்துத் தைத்திருக்கிறேன். ஆஹா, என்ன சுறுசுறுப்பு என்று நானே நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் கை ஹெம்மிங் போட ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இருபது வருடமாகப் பார்க்காமலே கோக்கிற கை. நூல் நுனியை எச்சில் தொட்டுக் கூராக்கிக் கொண்டுபோனால் காதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. ஊசியைப் பிடித்திருந்த விரலும் சேர்ந்து ஆடுகிறது. கடையில் வேலை பார்க்கிற பிள்ளையிடம் கொடுத்துக் கோத்து வாங்கினேன்.

என்னை மாடிக்குக் கூட்டிப் போன அந்த அம்மாவுக்கு போன் போட்டேன். "அது வேலை செய்யுதுக்கா. கொழுப்பு எரியும்போது அப்படித்தான் நடுக்கம் வரும்" என்றார். நெஞ்சு படபடப்பு? வேலை செய்யுது. தூக்கமில்லை? வேலை செய்யுது. தலைவலி? உடம்பில் தேங்கிய கழிவு வெளியேறுது. இதில் எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான். உடம்பு 'வேண்டாம், வேண்டாம்' என்று கத்திய ஒவ்வொரு சத்தத்தையும் அவர்கள் மருந்தின் வெற்றி என்று எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். நானும் நம்பி, இரண்டாவது டப்பா வாங்கியதோடு, என் மதினிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மதினி ஐந்து வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்.

ஆனித் தேரோட்டம் அன்றைக்கு நெல்லையப்பர் தேர் பார்க்க ரத வீதியில் நின்றேன். நல்ல வெயில். தேர் திரும்புவதற்குள் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. வியர்வையில் ரவிக்கை தொப்பலாக நனைந்துவிட்டது. நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. யாரோ ஒரு கடைப் படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பக்கத்து கிளினிக்கில் பார்த்தபோது பிரஷர் 164/104, நாடி 118. "என்னம்மா மருந்து சாப்பிடுதிய?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். மறைக்கவில்லை. கேப்சூலை நான் மருந்துக் கணக்கிலேயே வைக்கவில்லை.

மூன்றாம் நாள் நடுராத்திரி அண்ணன் போன். மதினிக்கு நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குகிறது, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றான். நல்லவேளை, பி.பார்ம் படிக்கிற அண்ணன் மகள் கூடவே டப்பாவையும் எடுத்துப் போயிருந்தாள். டியூட்டி டாக்டர் டப்பாவைப் பார்த்த மாத்திரத்தில், "முதல்ல இதை நிறுத்துங்க" என்றார். மதினி இரண்டு நாள் அங்கே இருந்தார். வார்டு வாசலில் நான் நின்ற நிலையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அப்புறம் ஒருநாள் அண்ணன் மகள் என் கடைக்கு வந்து, டப்பாவை வெட்டு மேஜையில் வைத்து, "அத்தை, இங்க பாருங்க" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும். இதில் எண்ணிப் பார்த்தோம், 13. தொகுதி எண் இல்லை. தயாரித்தவர் முகவரி இருந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் வேறு ஒரு பெயர். உள்ளே என்ன என்பதற்கு மூன்று பெயர்கள்: கார்சீனியா, கிரீன் காபி, கசப்பு ஆரஞ்சு. எது எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. பக்கத்தில் 'சிறப்புக் கலவை' என்று மட்டும் போட்டிருந்தது.

கார்சீனியா வேறொன்றுமில்லை, கன்னியாகுமரிப் பக்கமும் கேரளாவிலும் மீன்குழம்புக்குப் போடுகிற குடம்புளி. அதை வைத்து அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரம் சோதித்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எடை கூடுதலாகக் குறையவில்லை. கசப்பு ஆரஞ்சில் இருப்பது சினெஃப்ரின். எஃபெட்ரின் என்கிற ஊக்கப்பொருளுக்கு உறவுக்காரி. எஃபெட்ரின் இருக்கும் எஃபெட்ரா என்ற செடியைச் சீனாவில் காலங்காலமாக மூச்சுக் கோளாறுக்குக் கொடுத்து வந்தார்கள். அமெரிக்காவில் அதை எடை குறைப்பு மாத்திரையாக்கி விற்றார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், போலி மாத்திரையைவிட அது குறைத்தது மாதத்துக்கு ஒரு கிலோவுக்கும் சற்றுக் கீழே. படபடப்பும் மனக் கலக்கமும் வயிற்றுக் கோளாறும் வரும் வாய்ப்பு மட்டும் இரண்டு மூன்று மடங்கு. 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற பேஸ்பால் வீரர், 23 வயது, பயிற்சியின்போது உடல் சூடேறி இறந்துபோனார். அதில் எஃபெட்ராவுக்கும் பங்கு உண்டு என்று மருத்துவப் பரிசோதகர் சொன்னார். அடுத்த வருடமே எஃபெட்ரா கலந்த சத்து மாத்திரைகளை அங்கே தடை செய்தார்கள். தடை வந்ததும் கம்பெனிகள் அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்ததுதான் கசப்பு ஆரஞ்சு. அந்தப் பையன் கதையைக் கேட்டபோது எனக்கு ரத வீதி வெயில்தான் கண்முன் வந்தது.

கிரீன் காபி என்று எழுதியிருப்பதில் கஃபீனும் உண்டு. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. எவ்வளவு என்று எழுதாத கேப்சூல் இரண்டு, என்னவென்றே தெரியாத பவுடர், அதன்மேல் நான் குடிக்கிற நாலு காபி. எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதைவிடப் பயமான ஒன்றை டாக்டர் சொன்னார். இத்தனை வேகமாகப் பசியைக் கொல்கிற 'மூலிகை'களில் சிபுட்ரமின் என்ற மாத்திரை மருந்தைப் பொடித்துக் கலப்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. இதய நோய் அபாயம் உள்ள சுமார் 10,000 பேரிடம் நடந்த ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் கூடியது தெரிந்து, அமெரிக்காவில் 2010-இல் அதை விலக்கினார்கள். நம் நாட்டில் 2011-இல் தடை. வாய் வறட்சி, தூக்கமின்மை, படபடப்பு, பிரஷர் எல்லாம் அதன் அடையாளங்கள்தான். எங்கள் டப்பாவை இன்னும் சோதனைக்கூடத்தில் பார்க்கவில்லை, அதனால் அதில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருப்பதை எழுதாமல் விற்றால் டாக்டரும் ஊகம்தான் செய்ய முடியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு உயிரை வைத்துக்கொண்டு ஊகம் செய்ய வேண்டியிருக்கிறது.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் இது. என் ஆச்சியின் முட்டுவலிக்கு அங்கேதான் போவோம். நாடி பார்த்து, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டு, பத்தியம் சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்த மாடியில் ஒருத்தர்கூட மதினியின் பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. 'மூலிகை' என்ற சொல்லுக்கு நம்மிடம் இருக்கிற மரியாதையைத்தான் அவர்கள் காசாக்கினார்கள். அரளியும் செடிதான். நம்ம பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அரளிக்காய் என்ன செய்யும் என்று. அமெரிக்காவில் எடை குறைக்கும் வேர் என்று இணையத்தில் விற்றதை வாங்கிச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது மஞ்சள் அரளியாக இருந்தது. 2023-இல் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமே வெளியிட்ட செய்தி இது.

பணத்தைத் திருப்பிக் கேட்க மாடிக்குப் போனேன். மூன்று டப்பா, 10,800 ரூபாய். "நீங்க தண்ணி சரியாக் குடிக்கலக்கா" என்றார்கள். மதினி ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னதும், "இது மருந்தே இல்லையே, உணவுதானே. உணவு எப்படி ஒண்ணு செய்யும்?" என்று கேட்டார் வெள்ளைக் கோட்டு. விற்கும்போது மருந்து, கேள்வி கேட்டால் உணவு. உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்று அண்ணன் மகள் சொன்ன பிறகுதான் இந்தச் சாமர்த்தியம் எனக்குப் புரிந்தது. அன்று சாயங்காலமே வாட்ஸாப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ரசீது கேட்டு வாங்காதது என் தப்பு. ஆனால் ஜிபே கணக்கு இருக்கிறது. அதை வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். மருந்து எதையும் சாப்பிட்டு ஒத்துக்கொள்ளாமல் போனால் சொல்ல 1800 180 3024 என்று கட்டணமில்லா எண் இருக்கிறது. மதினியின் விவரத்தை அதில் சொல்லியாயிற்று. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாதி கேப்சூலோடு இருக்கிற டப்பாவைத் தூர எறியாமல் நூல் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கையில் பொருள் இல்லாவிட்டால் புகாருக்குப் பலம் இல்லை.

மதினி இப்போது நன்றாக இருக்கிறார். அவர் டப்பாவுக்கான 3,600-ஐ நான் கொடுத்தபோது வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அண்ணன் மகளின் ஃபீஸில் சேர்த்துக் கட்டிவிட்டேன். கேப்சூலை நிறுத்திய மூன்றாவது வாரம் என் பிரஷர் 128/84-க்கு வந்தது. ஐந்து கிலோ குறைந்ததில் நாலு கிலோ இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. இப்போது ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கு முடித்து, காலையில் அரை மணி நேரம் நடக்கிறேன். மெதுவாகத்தான் இறங்குகிறது.

போன வாரம் வள்ளியூரிலிருந்து ஒரு பிள்ளை கல்யாண பிளவுஸ் அளவு கொடுக்க வந்தாள். கைப்பையிலிருந்து மொபைலை எடுக்கும்போது ஒரு டப்பா வெளியே உருண்டது. மலையும் முனிவரும் இல்லை, நீல நிற லேபிள், புதுப் பெயர். உரிம எண்ணை எண்ணிப் பார்த்தேன். அதே 13. "கை நடுங்குதாம்மா?" என்று கேட்டேன். "ஆமாக்கா. வேலை செய்யுதுன்னு சொன்னாவ" என்றாள். அளவு டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, டப்பாவோடு அவளை ஆட்டோவில் ஏற்றி கிளினிக்குக் கூட்டிப் போனேன். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.